மத்தியானக் கரண்ட்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை பத்து ஐந்துக்கு ஆலந்தீவில் டீசல் இல்லாமல் கரண்ட் வந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷம் இந்தத் தீவின் ஜெனரேற்றரை ஓட்டியவர் என் கணவர் சோமசேகரம். மாலை ஐந்து மணிக்குப் போட்டு இரவு பத்துக்கு நிறுத்துவார். கடல் பொங்கினால் டீசல் பீப்பாய் வராது, பீப்பாய் வராவிட்டால் கரண்ட் வராது, கரண்ட் வராவிட்டால் ஊர் முழுக்க எங்கள் படலையில் வந்து நிற்கும். ஏதோ நாங்கள்தான் டீசலைக் குடித்துவிட்ட மாதிரி. இனி அந்தப் பாடு இல்லை. கடற்கரை வெளியில் வரிசையாகச் சோலார் தகடுகள், இரண்டு காற்றாடி, ஒரு கொள்கலன் நிறையப் பற்றரி. ஜெனரேற்றர் அவசரத்துக்கு மட்டும் நிற்கும். புதிய நிலையத்துக்கும் இவரையே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சும்மாதான் நாவற்பழ நிறப் பட்டுச்சேலையை உடுத்துக்கொண்டு போனேன். அந்த வெயிலில் அது முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மின்சாரக் குழுவின் செயலாளர் மரியநாயகம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, முதல் சுவிச்சைப் போடச் சுகிர்தாவை அழைக்கிறோம் என்றார்.

சுகிர்தா இவருடைய தம்பியின் பெண்சாதி. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வேலி. பழைய பருத்திச் சேலையோடு போய்ச் சுவிச்சைப் போட்டாள். சனம் கைதட்டியது. சிலர் கண்ணையும் துடைத்தார்கள். நானும் கைதட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

புதிய நிலையத்திலிருந்து முதல் ஆளாகத் தனி இணைப்பு யாருக்கு? சுகிர்தாவுக்கு. கனடாவில் இருக்கும் அவளுடைய அண்ணன் பெரிய பிறீசர் ஒன்று அனுப்பியிருக்கிறான். அதைப் படகிலிருந்து இறக்க ஆறு பேர் ஓடினார்கள். வயர் இழுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். எங்கள் குசினியில் பிளக் ஆடிக்கொண்டிருப்பதை நான் தை மாசத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

அவள் ஐஸ்பழம் விற்கிறாள். மீனவர்களுக்கு ஐஸ்கட்டியும் விற்கிறாள். முன்பெல்லாம் ஐஸ் மறுகரையிலிருந்து உமிப்பெட்டிக்குள் வந்து சேரும்போது பாதி தண்ணீராகியிருக்கும். இப்போது விடிய ஐந்து மணிக்கே அவளுடைய படலையில் சைக்கிள்கள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் தபால் கந்தோரைத் தாண்டித்தான் அங்கே ஓட வேண்டும். நான் இந்தத் தீவின் உபதபால் அதிபர். பதினான்கு வருஷத்தில் என் கந்தோரை நோக்கி ஒருவரும் ஓடி வந்ததில்லை.

சுகிர்தாவின் ஐஸ்பழம் தேன் மாதிரி என்று சப்புக்கொட்டிச் சொல்கிறார்கள். தேன் அவளுடைய கையில் இல்லை, எங்கள் கிணற்றில் இருக்கிறது. ஊரில் கிணற்றுக்குக் குறைவில்லை. குடிக்கக் கூடிய தண்ணீர் இருப்பது இரண்டில்தான். ஒன்று மேற்கே கோயிலடிக் கிணறு, மற்றது எங்கள் வேலியில் இருக்கும் பங்குக் கிணறு. கட்டின் பாதி எங்கள் வளவில், பாதி அவளுடைய வளவில். மாமனார் எழுதிவைத்த உறுதிப்படி காலை முறை எங்களுக்கு, பின்னேர முறை அவர்களுக்கு. மத்தியானம் யாருக்கும் இல்லை. அந்த நேரம் கிணற்றை விட்டுவிட வேண்டும், ஊற வேண்டும். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் கிடக்கிறது, கீழே முழுக்கக் கடல். வாளியால் அள்ளினால் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊறும். அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒழுங்கையில் இன்னும் ஐந்து வீடு இந்தக் கிணற்றில்தான் குடிக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

குழு ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. பகல் பதினொரு மணிக்குள் பற்றரி நிரம்பிவிடுகிறதாம். அதற்குப் பிறகு இரண்டு மணி வரை தகட்டில் விழும் வெயில் எல்லாம் வீண். ஆகவே உடுப்பு மினுக்குவது, மா அரைப்பது, மோட்டர் போடுவது எல்லாவற்றையும் மத்தியானத்தில் செய்யுங்கள், அரைக் கட்டணம். இரவில் சிக்கனமாக இருங்கள்.

நான் ஒரு தண்ணீர் மோட்டர் வேண்டும் என்றேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அது மெல்ல இறைக்கிற கிணறு என்றார். என் தோள்மூட்டு நோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? பிறீசருக்கு வயர் இழுக்கும்போது யோசிக்காதவர் மோட்டருக்கு யோசிக்கிறார் என்றேன். அவர் கை கழுவ எழும்பிப் போனார்.

ஏப்ரல் 16, புதன்

வருஷப்பிறப்பு முடிந்த கையோடு மோட்டர் வந்துவிட்டது. ஒரு குதிரைவலு, சிவப்பு நிறம். ஆயிரம் லீற்றர்க் கறுப்புத் தாங்கியும் வாங்கினோம். ஒழுங்கையிலேயே முதல் மோட்டர். குழாயைத் திறந்து காட்டியபோது மூன்று பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

சுகிர்தா வரவில்லை. ஐஸ் வேலையாம். பிறகு வேலிக்கு அப்பால் நின்று, எந்த நேரம் போடுவீர்கள் என்று கேட்டாள். காலை முறையில் மட்டும் பத்து நிமிஷம் போடுவேன் என்று சொன்னேன். உங்கடை கைக்கு ஆறுதல்தானே அக்கா என்றாள். அவள் எரிச்சல்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் கந்தோர் திறக்கும் அவசரம். அரைக் கட்டணம் மத்தியானத்தில்தான். குழுவே போடச் சொல்கிறது. ஆகவே பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்ததும் போட்டேன். எங்கள் காலை முறையைக் கொஞ்சம் தள்ளி எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். காலையில் எடுத்தது குடிக்க. இது புழங்க.

மே 6, செவ்வாய்

பன்னிரண்டு வாழைக்குட்டி வைத்திருக்கிறேன். வாழைக்குத் தண்ணீர் வேண்டும். தாங்கி நிரம்பி வழிந்தாலும் வாழைக்குத்தானே போகிறது.

மாலையில் குசினியில் நின்றபோது சுகிர்தாவின் வாளி அடிக்கல்லில் முட்டும் சத்தம் கேட்டது. மூன்று தரம், நான்கு தரம். வெயில் காலத்தில் கிணறு வற்றத்தான் செய்யும். இன்று அவள் ஐஸ்பழம் அரைவாசிதான் போட்டாளாம். நான் விசாரிக்கவில்லை, கந்தோரில் பேசிக்கொண்டார்கள். வாழைக்குட்டிகள் நன்றாகப் பிடித்துவிட்டன.

மே 29, வியாழன்

அவளும் மோட்டர் வாங்கிவிட்டாள். கனடா அண்ணன்தான். நீல நிறம், சின்னது, சத்தமே இல்லை. என்னுடையது போட்டால் பள்ளிக்கூடம் வரை கேட்கும்.

இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், கிணற்றில் பொருத்துவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டாள். "அக்கா, பங்குக் கிணறெல்லே. உங்களைக் கேக்காமல் பூட்டக்கூடாது. பூட்டட்டோ?" என்று. நான் அவளிடம் கேட்டுவிட்டா பூட்டினேன்? அதை எனக்குச் சுட்டிக்காட்டத்தான் கேட்டிருக்கிறாள். பூட்டு, எனக்கென்ன என்றேன்.

ஜூன் 14, சனி

சோளகக் காற்று. நான்கு நாளாகப் படகு இல்லை. முன்பு என்றால் இரண்டாம் நாளே பீப்பாய் காய்ந்து ஊர் இருட்டில் கிடக்கும். இப்போது வானம் மூடிக் கிடந்தாலும் காற்றாடி இரண்டும் வெறிபிடித்த மாதிரிச் சுற்றுகின்றன. ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை. இவர் நிலையத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். சந்தோஷத்தில் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

ஊர் யாரைப் புகழ்கிறது? விற்க முடியாத மீனையெல்லாம் சுகிர்தாவின் பிறீசரில் வைத்தார்களாம், ஒரு கிலோ கூடப் பழுதாகவில்லையாம். சுகிர்தாவின் புண்ணியம். கரண்டைக் கொடுத்த மனிதனின் பெயரை ஒருவர் சொல்லவில்லை. அந்த மனிதனே வந்து, பிள்ளை நல்லாச் செய்யுது என்கிறார்.

இதையும் எழுதிவைக்கிறேன். நாடெங்கும் டீசல் இல்லாமல் போன அந்த வருஷம் குலத்துக்கு, அதாவது சுகிர்தாவின் புருஷனுக்கு, நெஞ்சு நோ வந்தது. மறுகரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு இருந்தது, படகில் ஊற்ற டீசல் இல்லை. இவர் ஜெனரேற்றரின் தாங்கியை வடித்து, ஊரை இருட்டாக்கி, கலனைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குதுறைக்கு ஓடினார். நடுக்கடல் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால்தான் சுவிச்சைப் போட அவளைக் கூப்பிட்டார்கள். பாவம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுஷிக்கு ஊர் எத்தனை தரம் இரங்கும்?

ஜூன் 27, வெள்ளி

பருப்பு ஒரு மணி நேரமாகியும் வேகவில்லை. தேநீரில் ஊற்றிய பால் திரைந்துவிட்டது. கடைக்காரன் பழைய சாமானைத் தள்ளிவிட்டிருக்கிறான்.

ஜூன் 28, சனி

பருப்பு இன்றும் வேகவில்லை. வேறு கடை பார்க்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

கந்தோர் முடிந்து வரும்போது, என்ன நினைத்தேனோ, சுகிர்தாவின் படலையில் நின்று ஒரு ஐஸ்பழம் வாங்கினேன். இத்தனை மாதத்தில் முதல் தரம். அவளுடைய மகள் ஆரணி காசு வேண்டாம் பெரியம்மா என்றாள். நான் கொடுத்துவிட்டேன்.

நாக்கில் வைத்ததுமே தெரிந்தது. சீனிக்கும் சிவப்புச் சாயத்துக்கும் அடியில் உப்பு. கொஞ்சம்தான். தெரியாதவனுக்குத் தெரியாது. குச்சி வரை முழுவதையும் சாப்பிட்டேன்.

உடனே சொல்லலாம் என்று வேலி வரை போனேன். அவள் மீனவர்களோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். ஒரு மணிக்கு மோட்டரைப் போட்டேன், இரண்டே காலுக்கு நிறுத்தினேன்.

ஜூலை 22, செவ்வாய்

பிள்ளைகள் ஐஸ்பழத்தைத் துப்பிவிட்டு அவளுடைய படலையிலேயே எறிந்துவிட்டுப் போகிறார்கள். ஓட்டம் குறைந்துவிட்டது. தபால் கந்தோர் வாசல் அமைதியாக இருக்கிறது.

பின்னேரம் சுகிர்தா வந்தாள். அச்சுகளையெல்லாம் சுடுதண்ணீரில் கழுவிவிட்டாளாம், சாயத்தை மாற்றினாளாம், ஒன்றும் சரிவரவில்லையாம். "அக்கா, உங்கடை தேத்தண்ணி எப்பிடி இருக்கு? தண்ணியிலை ஏதும் வித்தியாசம் தெரியுதோ?" என்று கேட்டாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றேன். அவளுக்குப் பலகாரம் கொடுத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளோடு அன்பாகக் கதைத்தேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தேநீர் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாழை இலைகளின் ஓரம் கருகிக்கொண்டு வருகிறது.

இன்று இவர் கிணற்றடியில் முகம் கழுவும்போது ஒரு வாய் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு துப்பினார். என் மோட்டரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டார். காலையில் கொஞ்சம் என்றேன். சரி என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நிலையத்தில் ஏதோ வேலை அதிகம் போல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிணறு முழுக்க உவராகிவிட்டது. ஒழுங்கையின் ஏழு வீடும் கோயிலடிக் கிணற்றுக்கு நடக்கிறது, போக வர இரண்டு கிலோமீற்றர். சுகிர்தாவின் பிறீசர் வெறுமையாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். மரியநாயகம் அண்ணை நேரே விஷயத்துக்கு வந்தார். ஊற வேண்டிய நேரத்தில் யாரோ கிணற்றை இறைத்திருக்கிறார்கள். தீவு முழுக்க மத்தியானத்தில் மோட்டர் சத்தம், எது எந்த வீட்டுச் சத்தம் என்று ஊருக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் புதிய மீற்றர்கள் எந்த வீடு எந்த மணிக்கு எவ்வளவு எடுத்தது என்று நிலையத்துக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றனவாம். சோமசேகரம் பட்டியலைக் கொண்டுவந்திருக்கிறார், இப்போது வாசிப்பார் என்றார்.

எனக்கு அது தெரியாது. மீற்றர் கரண்டைக் கணக்குப் பார்க்கும் என்று தெரியும், மணியைப் பார்க்கும் என்று தெரியாது. இவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். நான் அவரையே பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவர் தாளை விரிப்பதற்குள் சுகிர்தா எழும்பிவிட்டாள்.

"நான்தான் போட்டனான்," என்றாள். "என்ரை முறை பின்னேரம். பதினொரு நாள் விடியக்காலமை ஒருதருக்கும் தெரியாமல் மோட்டரைப் போட்டனான். ஐஸுக்குத் தண்ணி காணேல்லை. பிழைதான். எல்லாரும் என்னை மன்னிக்கோணும்."

பிறகு ஒரு பெண் எழும்பிப் போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். இன்னொருத்தி அழுதாள். ஒத்துக்கொள்வதற்கும் ஒரு மனம் வேண்டும், இந்தப் பிள்ளையிடம் அது இருக்கிறது என்றார் மரியநாயகம் அண்ணை. இனிப் பட்டியல் எதற்கு, சோமு, மடித்து வை என்றார். இவர் மடித்துப் பைக்குள் வைத்தார்.

இரண்டு மோட்டரையும் கழற்றுவது, மாரி முடியும்வரை அந்தக் கிணற்றில் யாரும் கை வைக்காமல் விடுவது என்று முடிவு. மழை நன்றாகப் பெய்தால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

பிழை செய்தவளுக்கும் கைதட்டல். வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் வேலைக்குப் போகும்போது இவர் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கந்தோருக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று இருந்து வாசித்தேன்.

முறை தவறி மோட்டர் ஓடிய நேரங்கள் மட்டும். சுகிர்தாவின் பெயருக்கு நேரே பதினொரு வரி. ஒவ்வொன்றும் ஏழு, எட்டு நிமிஷம். எல்லாம் ஜூலைக் கடைசியில், அவளுடைய வாளி கல்லில் முட்டிக்கொண்டிருந்த நாட்களுக்குப் பிறகு. எங்கள் பெயருக்கு நேரே மூன்று பக்கம். ஏப்ரல் 21 தொடங்கி ஆகஸ்ட் வரை ஒரு மத்தியானம் தவறவில்லை. ஐஸ்பழம் வாங்கிய நாளும் இருக்கிறது. ஒரு மணியிலிருந்து இரண்டே கால் வரை.

மாலையில் அவர் வந்ததும், எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"முதல் நாளிலை இருந்து. அது என்ரை மேசையிலை ஒவ்வொரு நாளும் வந்து விழும். நீர் தானாவே நிப்பாட்டுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் சொல்லியிருக்கோணும். அதிலை பாதி என்ரை பிழை," என்றார்.

நேற்று ஏன் எழும்பவில்லை என்று அவர் கேட்டார். பயம் என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கட்டிப்பிடித்து அழுததெல்லாம் பத்து நாளுக்குத்தான். வெயிலில் இரண்டு கிலோமீற்றர் குடம் சுமந்தால் மன்னிப்பு கரைந்துவிடும் போல. இன்று கோயிலடிக் கிணற்று வரிசையில் அதே பெண்கள்தான், அவளுடைய ஐஸ் ஆசையால் ஏழு வீட்டுக்குத் தண்ணீர் போயிற்று என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுகிர்தா பத்து ஆள் பின்னால் நின்றாள், கேட்டிருக்கும். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி என்னிடம், பக்கத்து வளவில் இருந்து நீங்கள்தான் பாவம் அக்கா என்றாள். எனக்கும் ஊர் இரங்கிவிட்டது, கடைசியில்.

செப்டெம்பர் 6, சனி

சுகிர்தா யாழ்ப்பாணத்துக்குப் போகிறாள். ஆரணியின் படிப்புக்காம். பிறீசரை அங்கேயே ஒரு கடைக்காரனுக்கு விற்கப் பேசிவிட்டார்கள். மீனவர்கள் மறுபடியும் உமிப்பெட்டி ஐஸுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இரவு பகலாகக் கரண்ட் இருக்கிறது, நல்ல தண்ணீர்தான் இல்லை.

இவர் பேச்சைக் குறைத்துவிட்டார். கோபம் இல்லை. குசினிப் பிளக்கைக் கூடத் திருத்திவிட்டார்.

செப்டெம்பர் 13, சனி

பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வீடு முழுக்கப் பெட்டிகள். உட்கார ஒரு கதிரை கூட இல்லை, அவள் ஒரு பெட்டியைத் துடைத்து இருக்கச் சொன்னாள். நான் வாய் திறப்பதற்குள் ஒரு கடித உறையை எடுத்துத் தந்தாள். கிணற்றில் அவளுடைய பங்கை அத்தான் பெயருக்கு எழுதியிருக்கிறாளாம். வேறு யாரிடமாவது போனால் திரும்பவும் மோட்டர் பூட்டுவார்கள், அத்தான் என்றால் கிணற்றை ஆறவிடுவார் என்றாள்.

நான் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சேலைகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும் அக்கா. மத்தியானத்திலை நான் வீட்டிலைதானே இருக்கிறனான். உங்கடை மோட்டர்ச் சத்தம் எனக்குத் தெரியாதே."

பிறகு ஏன் ஊருக்கு முன்னால் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்தான்ரை முகத்துக்காக. டீசல் கலனைத் தோளிலை வைச்சுக்கொண்டு ஓடினவர், அக்கா. அவர் தன்ரை வாயாலை உங்கடை பேரை வாசிக்கிறதை என்னாலை பாக்கேலாது." சேலையை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள். "நான் செய்ததும் பிழைதான், அதைச் சொன்னனான். ஆனால் நான் எழும்பி நிக்கேக்கை நீங்களும் எழும்புவியள் எண்டு பாத்தனான். இருக்க முந்தி இன்னொருக்காலும் திரும்பிப் பாத்தனான்."

உறையையும் தாளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

காலைப் படகில் போனார்கள். இறங்குதுறைக்கு இவர் மட்டும் போனார். ஊரிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லையாம். கிணறு முழுக்க இப்போது எங்களுடையது.

செப்டெம்பர் 20, சனி

மரியநாயகம் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் தேடியவரை, வேண்டாம், நானே வாசிக்கிறேன் என்று தடுத்தேன். மூன்று பக்கத்தையும் நின்றபடியே வாசித்தேன். திகதி, மணி, நிமிஷம், ஒன்றையும் விடவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம் என்றேன்.

"இதை அந்தப் பிள்ளை இஞ்சை நிக்கேக்கை வாசிச்சிருக்கலாமே, கமலாசனி," என்றார்.

வாசித்திருக்கலாம். கூட்டம் முடிந்து அவள் போகும் வரைக்கும் நான்கு கிழமை இருந்தது. இவரிடம் பயம் என்று சொன்னேன், அண்ணையிடமும் அதையே சொல்லிவிட்டு வந்தேன். இருவரும் நம்பிவிட்டார்கள். இங்கேயும் அதையே எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

எனக்கு ஊருக்குப் பயம் இல்லை. அவள் இங்கே இருக்கும்போது நான் சொல்லியிருந்தால், பெரிய பிழை கமலாசனியுடையது, இந்தப் பிள்ளை அதையும் மூடிக்கொண்டு நின்றிருக்கிறது என்று ஊர் அவளுக்கு இன்னும் ஒரு தரம் கைதட்டியிருக்கும். அதை என்னால் பார்த்துக்கொண்டு இருந்திருக்க முடியாது. காரணம் அவ்வளவுதான்.